சிவப்புப் பூட்டும் ஒன்பதாவது கேள்வியும்

1

என் பூட்டை வெட்டிவிட்டார்கள். இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் மனசு ஆறவில்லை.

ஊரிலிருந்து இதழ் ஆசிரியர் போன் செய்து, "வெளிநாட்டு வாழ்க்கை பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுங்க, பனி, சாப்பாடு, பிள்ளைங்க படிப்பு எல்லாம் வரட்டும்" என்று கேட்டிருந்தார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் பனி விழுவதே அபூர்வம். மழைதான். எட்டு வருஷமாகப் பெய்துகொண்டிருக்கிறது. சாப்பாட்டைப் பற்றி எழுதினால் உருளைக்கிழங்கைத் தாண்டாது. பிள்ளை படிப்பைப் பற்றிக் கேட்டால், என் பதினாலு வயசு மகள் ரூத் நான் தமிழில் கேட்கும் கேள்விக்கெல்லாம் ஆங்கிலத்தில் ஒற்றை வார்த்தை பதில் சொல்கிறாள். அதில் எழுத என்ன இருக்கிறது? ஆகவே பூட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அது சாதாரணத் திண்டுக்கல் பூட்டு இல்லை. தேர்வாய் கண்டிகையில் நான் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்த தொழிற்சாலையில் கொடுத்த சிவப்புப் பூட்டு. கூடவே ஓர் அட்டை, அதில் என் போட்டோ, கீழே "ஆள் வேலையில் இருக்கிறார், மின்சாரம் கொடுக்காதே" என்ற வாசகம். எந்த இயந்திரத்தில் கை வைத்தாலும் முதலில் அதன் மெயின் சுவிட்சை அணைத்து, கைப்பிடியில் இந்தப் பூட்டைப் போட்டு, அட்டையை மாட்ட வேண்டும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. அந்தச் சாவி பூட்டியவர் கழுத்தில். திறப்பதும் அவர்தான்.

வேலையை விட்டு வந்தபோது திருப்பித் தரவேண்டிய பொருள்களின் பட்டியலில் பூட்டு விட்டுப்போயிருந்தது. நானும் நினைவுபடுத்தவில்லை. அயர்லாந்துக்குப் பெட்டி கட்டும்போது சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். என் வீட்டுக்காரர் தாஸ், வெல்டர், அவர் வேலை பர்மிட்டில்தான் நாங்கள் வந்தோம். பூட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லாரும் ஊறுகா எத்துக்கினு வருவாங்க. நீ இன்னாடான்னா பூட்ட எத்துக்கினு வர. அங்க யார் ஊட்ட பூட்டப் போற?"

யார் வீட்டையும் பூட்டவில்லை. எட்டு வருஷம் கழித்து ஒரு நாடக அரங்கைப் பூட்டினேன்.

2

எலெக்ட்ரீஷியனுக்கு நாடக அரங்கில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை, படிவம்தான் கொடுத்தார்கள்.

இங்கே வந்த நாளிலிருந்து ஓட்டல் ஒன்றின் சலவை அறையில் விரிப்பு மடிக்கிறேன். ஐ.டி.ஐ. சான்றிதழ் கையில் இருக்கிறது, பதினோரு வருஷ அனுபவம் இருக்கிறது, மூன்று பேஸ் மோட்டாரைப் பிரித்து மாட்டத் தெரியும். மடிப்பதோ தலையணை உறை. அதனால் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய்ச் சான்றிதழை நீட்டினேன். அங்கிருந்த பெண் அதையும் என் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

சான்றிதழில் நான் சா. ஜெயசீலி. பாஸ்போர்ட்டில் ஜெயசீலி சாமுவேல். பர்மிட்டில் ஜெயசீலி தாஸ். "இதில் நீங்கள் யார்?" என்று கேட்டாள். மூவரும் நான்தான், சா என்பது சாமுவேல், சாமுவேல் என் அப்பா, தாஸ் என் புருஷன் என்றேன். "அப்படியானால் உங்கள் குடும்பப் பெயர் என்ன?" குடும்பத்துக்கு ஏது தனியாகப் பெயர்? எங்களுக்கு இருப்பது இனிஷியல்தான் என்றேன். அவளுக்கு இனிஷியல் என்றால் என்னவென்று புரியவைப்பதற்குள் அலுவலகம் மூடும் நேரம் வந்துவிட்டது. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி கையெழுத்தோடு வரச்சொன்னாள். அதற்கு ஐந்து மாதம்.

ஐந்து மாதம் கழித்துப் போனால், எலெக்ட்ரீஷியன் பயிற்சிக்கு இந்த நாட்டுப் பள்ளிச் சான்றிதழ் வேண்டுமாம். அது இல்லாதவர்களுக்கு, "மின்சாரம் தொடர்பானது" என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு படிப்பில் இடம் காலியாக இருந்தது. மேடைத் தொழில்நுட்பம், அடிப்படை நிலை. பன்னிரண்டு வாரம், சனிக்கிழமைகளில். முடித்தால் ஊர் அரங்கில் உதவித் தொழில்நுட்பர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே இருந்தவர் ஓய்வு பெறுகிறார் என்றாள்.

விளக்கு மாட்டும் வேலை. ஒயர், சுவிட்ச், பிரேக்கர். மறுபடியும் கையில் டெஸ்டர். சரி என்று தலையாட்டினேன். சனிக்கிழமை காலைகளுக்கு லீவு வாங்கினேன். சனி மாலை ஷிப்ட் மட்டும் என் தலையிலேயே நின்றது.

3

சொல்லிக்கொடுத்தவர் பெயர் ஷேன். அறுபது வயசிருக்கும், நரைத்த தாடி, கையில் எப்போதும் டீக் கோப்பை. கோபமே வராத மனுஷர். அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

முதல் மூன்று வாரம் கேபிள் சுற்றினோம். நான் ஊரில் பதினோரு வருஷம் கட்டைவிரலுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒயரைச் சுற்றி வந்தவள். எங்கள் காக்களூர் தொழில் எஸ்டேட்டில் அப்படிச் சுற்றாத ஆள் கிடையாது. ஷேன் அதைப் பார்த்து, பிள்ளை அடிபட்டுவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டார். அப்படிச் சுற்றினால் உள்ளே கம்பி முறுக்கிக்கொள்ளுமாம். ஒரு வளையம் மேலே, அடுத்த வளையம் கீழே என்று மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றியதைத் தூக்கி எறிந்தால் முறுக்கில்லாமல் நேராக விரியும். விரியத்தான் செய்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாற்பத்திரண்டு வயசில் ஒயர் சுற்றக் கற்றுக்கொள்கிறாய் என்று தாஸ் சிரித்த சிரிப்பை யார் பொறுப்பது?

அப்புறம் இடது வலது. மேடையில் இடது என்றால் நடிகருக்கு இடது. கீழே நின்று பார்க்கும் நமக்கு வலது. இதை ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். அப்புறம் கறுப்புச் சட்டை, கறுப்பு பேண்ட். திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியக் கூடாதாம். ஒன்று மட்டும் முதல் நாளே பிடித்தது. மேலே தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் கொக்கி போக இன்னொரு இரும்புக் கயிறு கட்ட வேண்டும். ஒரே கொக்கியை நம்பாதே என்றார் ஷேன். அதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹெட்செட் விஷயம்தான் மானக்கேடு. விளக்குகளை இயக்கும் பலகை முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். மேடை நிர்வாகி காதில் "தயாரா?" என்பாள். நான் தலையாட்டுவேன். மறுபடி "தயாரா?" மறுபடி ஆட்டுவேன், இந்த முறை கொஞ்சம் பலமாக. நான் இருட்டில், அவள் அரங்கின் அந்தக் கோடியில். என் தலை அவளுக்கு எப்படித் தெரியும்? ஷேன் பின்னால் வந்து நின்று, "ஜெய், வாயைத் திறந்து சொல்ல வேண்டும்" என்று ரகசியமாகச் சொன்னார். ஊரில் ஒரு தலையாட்டலில் கல்யாணமே முடிவாகிறது. இங்கே ஒரு விளக்கு எரிய மாட்டேன் என்கிறது.

இத்தனைக்கும் மேடை எனக்குப் புதுசு இல்லை. காக்களூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் எங்கள் காலனியில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் நாடகம் நடக்கும். விளக்குக்கும் கயிற்றுக்கும் நானும் மெர்சியும் பொறுப்பு. மெர்சி அடுத்த வீட்டுக்காரி, என் வயசு. பள்ளிக்கூடம், ஐ.டி.ஐ., பிறகு தேர்வாய் கண்டிகை கம்பெனி பஸ், எல்லாம் ஒன்றாகவே போனோம்.

விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கவைக்க எங்களிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் வாளி, இரண்டு தகடு, கல்லுப்பு. தண்ணீரில் தகடுகளைத் தொங்கவிட்டு அதன் வழியே கரண்ட் விடுவோம். தகட்டை ஆழமாக இறக்கினால் வெளிச்சம் கூடும், தூக்கினால் குறையும். பத்தாவிட்டால் நான் மெயினை அணைத்துவிட்டு "உப்பு போடு" என்பேன். மெர்சி ஒரு பிடி போடுவாள். இதை ஷேனிடம் சொன்னபோது டீயைக் கீழே வைத்துவிட்டார். இவர்கள் அரங்கிலும் அவருடைய தாத்தா காலத்தில் அப்படி ஒரு பானை இருந்ததாம். "இனிமேல் செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்" என்றார். செய்தேன்.

ஒரு வருஷம் பெத்லகேம் நட்சத்திரத்தை சைக்கிள் ரிம்மில் கட்டிக் கம்பியில் ஓடவிட்டோம். அது குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடும் ஏரோது ராஜாவின் அரண்மனைக்கு நேர் மேலே வந்து சிக்கிக்கொண்டது. மெர்சி இழுக்கிறாள், வரவில்லை. நட்சத்திரம் நிற்கும் இடத்தில் பணிய வேண்டும் என்றுதானே, கிழக்கிலிருந்து குழந்தையைக் காண வரும் சாஸ்திரிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்? மூன்று பேரும் ஏரோதின் காலில் விழுந்து பொன்னும் தூபவர்க்கமும் கொடுத்துவிட்டார்கள். ஏரோதாக நடித்தவர் என்ன செய்வார் பாவம், எழுந்து ஆசீர்வாதம் செய்தார். பாஸ்டர் ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. மெர்சி அதைச் சொல்லிச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

4

இப்போது மெர்சியின் வலது கையில் மூன்று விரல்தான் இருக்கிறது. அது ஏன் என்று சொல்லாமல் பூட்டுக் கதையைச் சொல்ல முடியாது. பத்து வருஷமாக இதை யாரிடமும் நான் சொல்லாமலே இருந்தேன். தாஸிடம்கூட.

அன்று எங்கள் உற்பத்தி லைனில் கன்வேயர் பெல்ட் சிக்கிக்கொண்டது. நான் மெயினை அணைத்துப் பூட்டினேன், அட்டை மாட்டினேன். மெர்சி ரோலருக்குள் கையை விட்டுச் சிக்கியதை எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிஷம் லைன் நின்றுவிட்டது. ஷிப்ட் இன்சார்ஜ் வந்தார்.

"இன்னாம்மா, இன்னும் எவ்ளோ நேரம்? மேல எனக்குப் போன் மேல போன் வந்துக்கினு கீது. மெர்சி வெளிய வந்துட்டா, நானே பாத்தேன். சாவிய குடு."

"நான் போய் ஒருவாட்டி பாத்துட்டு வரேன் சார்."

"நான் பாத்தேன்னு சொல்றேன், என் மேல நம்பிக்கை இல்லியா? குடும்மா."

கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். கன்வேயரின் அந்தப் பக்கம் போய்ப் பார்க்க அறுபது அடி நடக்க வேண்டும். நடக்கவில்லை. மெர்சி வெளியே வந்தது உண்மைதான். மறந்து வைத்த துணியை எடுக்கத் திரும்பவும் உள்ளே போயிருந்தாள்.

விசாரணையில் "பணியாளரின் கவனக்குறைவு" என்று மெர்சி மேலேயே எழுதினார்கள். எழுதியதில் நான் கையெழுத்துப் போட்டேன். இன்சார்ஜ் டூப்ளிகேட் சாவி வைத்திருந்தார் என்று கேன்டீனில் ஒரு பேச்சு கிளம்பி, கம்பெனி பஸ்ஸில் ஏறி, எங்கள் காலனிவரை வந்துவிட்டது. மெர்சியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவி டூப்ளிகேட்டு சாவி போட்டு தொறந்துகீறான் பாரு ஜெயா" என்று அழுதார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பொய்யை நான் கட்டவில்லை. ஆனால் அதற்குள் சௌகரியமாகக் குடியிருந்தேன்.

மெர்சி இப்போது வேப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கம் ஒரு டூவீலர் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறாள். வருஷா வருஷம் விபத்து நடந்த தேதியில் அவளுக்கு நான் போன் செய்வேன். கை எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா, மழை வந்ததா என்று கேட்பேன். வைத்துவிடுவேன்.

5

பன்னிரண்டாவது வாரம் பரீட்சை. உள்ளூர்க் குழு ஒன்றின் நாடகத்துக்கு நாங்கள்தான் மேடை வேலை. அண்ணன் தம்பி இருவர் நிலத்துக்காக அடித்துக்கொள்ளும் கதை. எனக்கு ஒரு வரி விடாமல் புரிந்தது. திருவள்ளூர் கோர்ட் வாசலில் பாதிப் பேர் பேசும் வசனம்தான். மாலை ஏழு மணிக்குக் காட்சி.

மதியம் மூன்று மணிக்கு விளக்குகள் தொங்கும் இரண்டாவது கம்பத்தில் ஒரு சாக்கெட் கருகியிருப்பதைப் பார்த்தேன். மாற்றுகிறேன் என்று ஷேனிடம் சொன்னேன். அந்தக் கம்பத்தின் மெயின் சுவிட்சில் பூட்டு மாட்ட ஒரு துளை இருந்தது. யாரும் எந்தக் காலத்திலும் அதில் பூட்டு மாட்டியதாகத் தெரியவில்லை. எட்டு வருஷம் பெட்டியில் கிடந்த என் சிவப்புப் பூட்டை மாட்டினேன். அட்டையில் பத்து வருஷத்துக்கு முந்தைய என் முகம். ஏணியில் ஏறிப் பாதி வேலை முடித்திருப்பேன், எல்லோருக்கும் டீ இடைவேளை என்றார்கள். இந்த நாட்டில் டீ இடைவேளை வந்தால் கம்பத்தில் தொங்குகிறவனும் இறங்கிவிட வேண்டும்.

இறங்கியதும் போன். ஓட்டல் சலவை அறையிலிருந்து. என் ஷிப்டை நான் மாற்றிக்கொண்டதாக நினைத்தது எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அங்கே யாரும் மாற்றவில்லை. "இரண்டு மணி நேரமாவது வந்துவிட்டுப் போ, ஆளே இல்லை" என்றாள் மேற்பார்வைக்காரி. ஓடினேன். சாவி கழுத்தில் சிலுவையோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அது பாரமே இல்லை, அதனால் அதன் நினைப்பும் இல்லை. சலவை அறையில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். வைத்தேன்.

ஆறரைக்கு லாக்கரைத் திறந்தால் பதினோரு அழைப்பு.

மூச்சிரைக்க அரங்குக்குள் நுழைந்தேன். விளக்கெல்லாம் எரிகிறது. சுவிட்சுக்குக் கீழே, கருவிப் பெட்டியின் மேல் என் பூட்டு இரண்டு துண்டாகக் கிடந்தது. அட்டையை மட்டும் பத்திரமாகத் தனியே வைத்திருந்தார்கள்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. வாசலில் சனங்கள் டிக்கெட்டோடு நிற்கிறார்கள். நான் நடு மேடையில் நின்றுகொண்டு ஷேனைப் பார்த்துத் தமிழில் கத்தினேன். "யாரக் கேட்டு அறுத்த? மேல ஆளு இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப? உன்கு இன்னா தெரியும்?" இன்னும் என்னென்னவோ. ரூத் அன்று நாடகம் பார்க்க வந்திருந்தாள்; என் மகள் என்று முன்னாலேயே உள்ளே விட்டிருந்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

ஷேன் நான் முடிக்கும்வரை நின்றார். பிறகு சொன்னார்:

"ஜெய், பூட்டு உன்னுடையது. வெட்டியதற்கு மன்னித்துவிடு. வெட்டுவதற்கு முன் எல்லோரையும் முதல் வரிசையில் உட்காரவைத்தேன். கையெழுத்துத் தாளைப் பார்த்து ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன். நீ மட்டும்தான் இல்லை. உன் ஓட்டலுக்குப் போன் செய்தோம், அங்கே இருப்பதாகவும் வேலை முடியும்வரை கூப்பிட முடியாது என்றும் சொன்னார்கள். அப்புறம் நானே ஏணியில் ஏறிப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன். அந்தச் சாக்கெட்டை மட்டும் தனியாகத் துண்டித்து வைத்திருக்கிறேன்."

ஒரு ஆள் தப்பு செய்தால் திட்டலாம். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு மன்னிப்பும் கேட்கிறவனை என்ன செய்வது? தப்பு என்மேல். சாவியைக் கொடுக்காமல் இடத்தை விட்டுப் போனவள் நான். எங்கள் தொழிற்சாலையிலேயே அதற்கு மெமோ உண்டு.

மறுபடி அணைத்துவிட்டு ஏறினேன். கீழே ஷேன் சுவிட்சின் மேல் கையை வைத்தபடியே நின்றார். ஐந்து நிமிஷத்தில் முடித்தேன். நாடகம் நடந்தது. காதில் "தயாரா?" என்ற ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து "தயார்" என்றேன்.

6

முடிந்ததும் ஷேன் ஒரு படிவம் கொடுத்தார். வேறென்ன. சம்பவ அறிக்கை, பதினான்கு கேள்வி. ஒரு வாரத்தில் இணையத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் சான்றிதழ் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். சான்றிதழ் இல்லையென்றால் அரங்கு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. மறுபடி தலையணை உறைதான், ஓய்வு பெறும்வரை.

எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவது ரூத். அது ஒன்றுக்குத்தான் இப்போது அவளுக்கு நான் தேவை, அல்லது எனக்கு அவள். ஞாயிறு மதியம் சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் கேட்டாள், நான் சொன்னேன், அவள் தட்டினாள். முந்தின நாள் மேடையில் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டுக் கேள்வி முடிந்தது.

"ஒன்பது. இதுபோன்ற சம்பவம் உங்கள் அனுபவத்தில் முன்பு நடந்திருக்கிறதா? ஆம், இல்லை. ஆம் என்றால் சுருக்கமாக விளக்கவும்," என்று படித்தாள். பிறகு அவளே ஆங்கிலத்தில், "இல்லை என்று போட்டுவிடுகிறேன்" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அம்மா, எல்லோரும் இல்லை என்றுதான் போடுவார்கள். ஆம் என்று போட்டால் சான்றிதழ் தர மாட்டார்கள்."

எனக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. அங்கே அவர்கள் எழுதினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். என்ன நடந்தது என்று கேட்க அயர்லாந்தில் ஒரு கம்ப்யூட்டர் வரவேண்டியிருந்தது. அதுவும் சுருக்கமாக!

"ஆம்னு போடு," என்றேன்.

சொன்னேன். கன்வேயர், இன்சார்ஜ், அறுபது அடி, சாவி. ரூத் முதலில் தட்டிக்கொண்டே வந்தாள். பாதியில் விரல்கள் நின்றுவிட்டன. அவளுக்கு மெர்சியைத் தெரியும். சின்ன வயசில் அவள் இடுப்பில் உட்கார்ந்து காலனி முழுக்கச் சுற்றியவள். முழுசும் கேட்டுவிட்டுத் தமிழில் கேட்டாள்:

"மெர்சி ஆன்ட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப முதல்ல அவங்ககிட்டதானே சொல்லணும்? கம்ப்யூட்டர்கிட்ட ஏன் சொல்ற?"

இந்த வயசுப் பிள்ளைகள் ஒரு நாள் முழுக்கப் பேச மாட்டார்கள், பேசினால் இப்படித்தான் பேசுவார்கள். அவளே என் போனை எடுத்து, மெர்சியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

ஊரில் சாயங்காலம். பின்னால் வண்டிச் சத்தம்.

"இன்னாடி, அதிசயமா கீது? அந்தத் தேதிக்கு இன்னும் நாலு நாள் கீதே," என்றாள் மெர்சி. நான் தேதி பார்த்துப் போன் செய்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஒன்னு சொல்லணும் மெர்சி."

"ரயிலு வருது, சத்தமா சொல்லு."

சத்தமாகச் சொல்லும் விஷயமா இது? ரயில் போகும்வரை காத்திருந்தேன்.

"அன்னிக்கி டூப்ளிகேட்டு சாவியெல்லாம் இல்ல. நான்தான் கழட்டிக் குடுத்தேன்."

அந்தப் பக்கம் யாரோ ஹாரன் அடித்தார்கள். பிறகு, "அண்ணா, அந்த வண்டிய அப்பால தள்ளி உடு, வழியில நிக்குது" என்று யாரிடமோ சொன்னாள். பிறகு என்னிடம்:

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"ஏண்டி, குளிக்க சொல்லோகூட சாவிய கழட்டாதவ நீ. உன் கழுத்துலேந்து எவன்டி டூப்ளிகேட்டு எடுப்பான்? ஆஸ்பத்திரில படுத்துக்கினு மொத நாளே யோசிச்சிட்டேன்."

"பின்ன ஏன் என்னிய கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். வருசா வருசம் போன் பண்ற. கை எப்டி கீது, சாப்டியா, மழ வந்துச்சா. இன்னிக்கி சொல்லுவா, அடுத்த வருசம் சொல்லுவான்னு நானும் காத்துக்கினே கீறேன். பத்து வருசமாச்சி. சரியான பேஜாரு புடிச்சவடி நீ!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரூத் பார்க்கிறாள் என்றுகூட அடக்க முடியவில்லை.

"அழுவாத. கோவம் இல்லியான்னு கேக்காத. இருந்துச்சி. இப்பவும் கொஞ்சம் கீது. அது பாட்டுக்கு இருக்கட்டும், உன்கு இன்னா? ஆமா, இன்னாத்துக்கு இப்ப திடீர்னு?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே பூட்டு வெட்டிய கதையைச் சொன்னேன். மேடையில் கத்தியதையும் சொன்னேன். ஏரோது மேலே சிக்கிய நட்சத்திரத்தை நினைத்துச் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அறுக்கறதுக்கு முன்னாடி உள்ள ஆளு கீதான்னு பாத்தாங்களா?"

"எல்லாரையும் உக்கார வச்சி, ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்ட்டாரு. அப்பால அவரே ஏணி மேல ஏறிப் பாத்தாரு."

"பேர் சொல்லியா?"

"ஆமா."

டோக்கன் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"என் பேர அன்னிக்கி யாரும் கூப்டலடி," என்றாள்.

டோக்கன் கேட்டு ஆள் நிற்கிறார், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

ரூத் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒன்பதாவது கேள்விக்குப் பக்கத்தில் இருக்கும் ஆம் என்ற கட்டத்தில் குறி போட்டாள். நான் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து தட்டினாள். கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. என்னவென்று கேட்டேன். பெயர்களைக் குறிப்பிட வேண்டாம் என்று போட்டிருப்பதாகச் சொன்னாள்.

அதை இன்னொரு முறை படித்தாள். பிறகு விரலை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்:

"மெர்சி ஆன்ட்டியோட முழுப் பேர் என்னம்மா?"

இனிஷியலோடு சொன்னேன்.